வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

உடுமலை
வைகாசி 12

அன்புள்ள மாப்பிள்ளை,

கடுதாசி கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி கேட்டு ரொம்பச் சந்தோசம். மழைதான் உங்கள் காங்கேயம் பக்கமும் ஏமாற்றுகிறது போல. இங்கே மூட்டம் போடுவதோடு சரி.

பப்பாளி விசயத்துக்கு வருகிறேன். "சின்னதும் பெருசுமா வெள்ளையா அப்பிக் கெடக்குது, பெருசுக ஓடக்கூடச் செய்யுது, மருந்து அடிக்கப்போறேன்" என்று எழுதியிருந்தாய். அந்த ஓடுகிற பெருசுகளுக்காகத்தான் உடனே பதில் போடுகிறேன். செடியின் சாற்றை உறிஞ்சி ஒட்டிக் கிடக்கிற மாவுப்பூச்சி ஓடாது. முற்றிய பெண் பூச்சியே ரெண்டு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்து, முதுகெல்லாம் மெழுகுச் சடை தொங்க, குச்சியால் தொட்டதும் விறுவிறுவென நகர்ந்தால் அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டே மாவுப்பூச்சி வேசம் கட்டித் திரிகிற ஆள். வண்டானபின் துவரம்பருப்பு அளவில், தலையும் பின்புறமும் செம்மஞ்சளாக, நடுவில் கறுப்பாக இருக்கும்.

கூட்டத்துக்குள் மாவில் புரட்டியெடுத்தது போலத் தட்டையான கம்பளிப்புழு தெரிந்தால் அதையும் விட்டுவிடு. அது ஸ்பால்ஜிஸ் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு, அதற்கும் மாவுப்பூச்சிதான் சாப்பாடு. அதன் கூட்டுப்புழு அச்சு அசல் குரங்கு மூஞ்சி. பேத்திக்குக் காட்டு, விழுந்து விழுந்து சிரிப்பாள்.

2008இல் கோயமுத்தூரில் இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, மல்பெரி, மரவள்ளி என்று நம் சீமையையே வெளுக்க வைத்தது உனக்கு மறந்திருக்காது. மருந்துக்கு ஏன் அடங்கவில்லை? பூச்சிக்கு மேலே மெழுகு, முட்டைக்கு மேலே பஞ்சுப்பை. அடித்த மருந்து உள்ளே இறங்காது. வெளியே திரியும் பொறிவண்டும் குளவியும்தான் சாகும். மிச்சமிருக்கும் முட்டை பொரித்தால் தட்டிக்கேட்க ஆளிருக்காது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கிக் காடு காடாக விட்ட பிறகுதான் அடங்கியது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அது. மாவுப்பூச்சிக்குள்ளேயே வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியேறும். அதனால் பழுப்பேறி உப்பிக் காய்ந்த மாவுப்பூச்சிகள் இருக்கிற இலையை எரிக்காதே. பூச்சி விழுந்த இன்னொரு மரத்தில் கட்டிவிடு.

முதல் வேலை எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் தேனுக்காக அது காவல் நின்று குளவியைக் கிட்டவே விடாது. தண்டில் நாலு விரல் அகலத்துக்குப் பாலித்தீன் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவு. நேராகத் தடவினால் பப்பாளித் தண்டின் தோல் வெந்துவிடும். பக்கத்துச் செடியின் இலை மரத்தில் உரசினால் எறும்புக்கு அதுவே பாலம், ஒடித்துவிடு.

ரெண்டாவது, காலையில் ஓஸ் வைத்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீச்சு. மேலே சொன்ன நல்ல புழு மேய்கிற இலையை விட்டுவிட்டு மற்றதில் மட்டும். ஆடிக்காற்று தொடங்குமுன் இதை முடி. இல்லாவிட்டால் மாவுப்பூச்சிக் குஞ்சுகள் காற்றோடு பக்கத்துத் தோட்டத்துக்கே பறந்துவிடும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்தான் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு, கொட்டையை உடைத்தெடுத்த பருப்பு அரைக் கிலோ. ஓட்டோடு எடை போடாதே, கரைசல் நீர்த்துப்போகும். எண்ணெய் கசியாத பதத்தில் இடித்து, துணியில் முடிந்து, ராத்திரி முழுக்க ஊறவை. விடிந்ததும் பால்போல வரும்வரை பிழிந்து வடிகட்டி, 20 கிராம் காதி சோப்பு கரைத்துச் சேர். உங்கள் போர் தண்ணீரில் சோப்பு திரிந்து தயிர்மாதிரி மிதக்கும், இலையில் ஒட்டாது, நாசிலையும் அடைக்கும். ஆற்றுத் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோதான் சரி. வெயிலில் கரைசலின் வீரியம் போய்விடும் என்பதால் நாலு மணிக்கு மேல் அடி, மறுநாளைக்கு மிச்சம் வைக்காதே. முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார். பப்பாளிக் கொழுந்து லேசில் கருகும். கொட்டை போன ஆடியில் பொறுக்கி நிழலில் காயவைத்ததென்றால் அதற்கு வயசாகிவிட்டது. மூணு மாசத்திலிருந்து எட்டு மாசத்துக்குள் இருந்தால்தான் வேலை செய்யும், பூஞ்சணம் பிடித்தது எதற்கும் ஆகாது.

தங்கச்சி கேட்ட கத்திரி விவகாரம்: இலையைச் சல்லடையாக்குவதும் பொறிவண்டுச் சாதிதான். மினுமினுப்பு இல்லாமல் செம்பு நிறத்தில் இருபத்தெட்டுப் புள்ளியோடு இருக்கும், புழு மஞ்சளாக முள்ளு முள்ளாக இருக்கும். அதற்கு இரக்கம் காட்ட வேண்டாம். காலையில் சோப்புத் தண்ணீர்ச் சட்டியைக் கீழே பிடித்துச் செடியைத் தட்டினால் பொத்துப் பொத்தென்று விழும். ஆனால் இலையடியில் மயிரிழைக் காம்பின் நுனியில் நிற்கும் குட்டி முட்டைகளைப் பூஞ்சணம் என்று துடைத்துவிடப் போகிறாள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, அதன் புழு, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும்.

வேப்பம் பருப்பு ஒரு கிலோ பஸ்ஸில் தாட்டி விடுகிறேன். அது வந்து சேருவதற்குள் அந்த மருந்து டப்பாவைத் திறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்