கீழ்ப் பிரிவுக்கு அனுப்ப விடமாட்டேன்

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் இன்னும் படுத்துகிறது என்று உன் தம்பி சொன்னான். மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் அவருக்கே பாடம் எடுத்திருப்பாய். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது எனக்கு வேறு கோபம்.

எங்கள் பள்ளியில் ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளை எல்லாம் கணக்கில் கீழ்ப் பிரிவுக்கு, அதாவது எளிய கணக்கு மட்டும் நடத்தும் வகுப்புக்கு, மாற்றப் போகிறார்களாம். மொழி வந்த பிறகு மேலே கொண்டுவரலாமாம். என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். இருபடிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினால், மற்றவர்கள் பேனாவைத் திறப்பதற்குள் காரணிப்படுத்திவிடுவாள். அதையே ஒரு தோட்டத்தின் நீளம், அகலம் என்று நான்கு வரி ஆங்கிலத்தில் கொடுத்தால் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் திரும்பவும் கூட்டல் கழித்தலுக்கு அனுப்புவது அநியாயம் இல்லையா?

"எண்ணுக்கு மொழி ஏது?" என்று நம் பழைய மேசைதட்டி வாத்தியார் முழங்குவாரே, அதே வாதம்தான் இங்கேயும். ஆனால் எண்ணை எழுதுவதிலேயே ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறதே! வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் 2,75 என்று எழுதுகிறான். அவன் படித்த முறையில் தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளிதான் வரும். வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதுகிறான். பிரான்சிலும் பிரேசிலிலும் அப்படித்தான் கற்பிக்கிறார்கள். விடை சரியாக இருந்தும் தாள் முழுக்கச் சிவப்பு மை.

1977இல் ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற கல்வியாளர், வாக்கியமாக வரும் கணக்கில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். வாசிப்பது, புரிந்துகொள்வது, புரிந்ததைக் கணக்காக மாற்றுவது, போடுவது, விடையை எழுதுவது. இந்தப் பெண் முதல் இரண்டு படிகளில் நிற்கிறாள். கீழ்ப் பிரிவில் நான்காவது படிக்கல்லவா மருந்து கொடுக்கிறார்கள்!

"விளையாட்டு மைதானத்தில் நன்றாகத்தானே ஆங்கிலம் பேசுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். பேசுவார்கள். பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடத்தின் மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்று கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டுகள் காத்திருந்தால் அவளுடைய பள்ளிப் படிப்பே முடிந்துவிடும், சிவா.

எனக்கு இன்னும் பெரிய எரிச்சல், உதவி என்ற பெயரில் ஒட்டியிருக்கும் அட்டைகள். 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'குறைவு' என்று வந்தால் கழி. "ராணியிடம் 12 பந்துகள் இருக்கின்றன, அது வேணியிடம் இருப்பதைவிட 5 அதிகம். வேணியிடம் எத்தனை?" அட்டையை நம்பிய பிள்ளை 17 என்கிறது. விடை 7. வாக்கியத்தைப் படிக்காமல் தப்பிக்கத்தான் அந்த அட்டை பழக்குகிறது.

நான் செய்வது இதுதான். முதலில் எண்களை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் கொடுக்கிறேன். யார், என்ன, எதைத் தேட வேண்டும் என்று படம் வரைகிறார்கள். ஒரே மொழிக்காரர்கள் தங்கள் மொழியிலேயே சண்டை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். எண்கள் அதற்குப் பிறகுதான். கடைசியில் அவரவர் வழியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தொடங்குவதற்கு அரை வாக்கியம் நான் தருகிறேன். கணக்கின் கடினத்தை மட்டும் இம்மியும் குறைப்பதில்லை. அந்தப் பெண் போன வாரம் கரும்பலகைக்கு வந்து, தடுமாறித் தடுமாறி, தோட்டத்தின் அகலம் ஏன் குறை எண்ணாக இருக்க முடியாது என்று விளக்கினாள். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட இரண்டு பேர் அதைக் கேட்டுத் தங்கள் விடையைத் திருத்தினார்கள். இவளையா மாற்றுவது?

அடுத்த வாரம் கூட்டம். ஒரே கணக்குகளை வாக்கியமாக ஒரு தாளிலும், படமும் சமன்பாடுமாக இன்னொரு தாளிலும் கொடுத்து, இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறேன். வடிவியலில் நீ வரைந்து வைத்திருக்கும் படக் கணக்குகளை உடனே அனுப்பு. உன் கையெழுத்தைப் படிக்க முடியாது, படங்கள் மட்டும் போதும். விகிதக் கணக்குக்கு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. அங்கேதான் என்னிடம் சரக்கு குறைவு.

உன்
குமரன்