‘மூலம்’ என்று ஒரு வரி: இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்பாடல்களை வெளியிடும் இசை நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அங்கே உரிமைப் பிரிவில் பணிபுரிவோருக்கும் வணக்கம்.

போன மார்கழியிலும் அதுவே நடந்தது. சபாவிலிருந்து யூடியூப் நேரலை போய்க்கொண்டிருக்கிறது. பாடகர் அனுபல்லவி முடித்துப் பல்லவிக்குத் திரும்பும் நேரத்தில் படம் மறைந்து பதிப்புரிமை அறிவிப்பு வந்து நின்றது. பாடப்பட்டது தியாகராஜர் கீர்த்தனை. அவர் 1847இல் சித்தியடைந்தவர். உரிமை கோரியது, அந்தக் கீர்த்தனையை வாத்தியங்கள் சேர்த்துப் படப்பாட்டாக வெளியிட்ட ஒரு நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம். ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் அவருக்கே தனியாக எழுதியிருப்போம்.

நாங்கள் கேட்பது இதுதான். படப்பாட்டில் ஒரு சாஸ்திரீய உருப்படியின் (ஒருவர் இயற்றிய கர்நாடக இசைப் பாட்டின்) சாகித்யமோ, அதாவது சொற்களோ, மெட்டோ எடுத்தாளப்பட்டிருந்தால், பாட்டின் விவரத்தில் ‘மூலம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் இருப்பதை உங்கள் உடைமையாகப் பதிவு செய்யாதீர்கள்.

எடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவே இல்லை. பாபநாசம் சிவனும் ஜி. ராமநாதனும் படங்களுக்கு இசை தந்த காலத்தில், கச்சேரிக்கு வராத பல்லாயிரம் பேர் சாருகேசியையும் சிந்துபைரவியையும் கொட்டகையில்தான் காதில் வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ராகம், தாளம் அச்சாகியிருக்கும். மெட்டு வேறொரு பாட்டிலிருந்து வந்திருந்தால் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்றும் போட்டிருப்பார்கள். மட்டமான தாளில் அச்சடித்த புத்தகத்தில் அதற்கு இடம் இருந்தது. இன்றைய செயலிகளில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்ற மூன்றோடு விவரம் முடிந்துவிடுகிறது.

ராகத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ரீதிகௌளையில் ஒரு புதுப்பாட்டு வந்தால் போதும், ‘இது இன்ன பாட்டின் காப்பி’ என்று கிளம்பிவிடுகிறார்கள். ஸ க ரி க ம நி த ம நி நி ஸ என்று வளைந்து ஏறுவதுதான் அந்த ராகமே. 1977இல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ அந்த வழியில்தான் போகிறது. 2008இல் வந்த ‘கண்கள் இரண்டால்’ அதே வழியில்தான் போகிறது. இரண்டும் தனித்தனிப் பாட்டுகள். இங்கே மூலம் எழுத வேண்டியதில்லை. ராகத்தின் பெயரைப் போட்டால் கேட்பவர்களுக்கு நல்லது, அவ்வளவுதான்.

ராகத்தைத் தாண்டி, ஒருவர் உட்கார்ந்து கட்டிய உருப்படிக்குள் கை வைக்கும்போதுதான் கணக்கு தொடங்குகிறது. அதிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை.

‘நின்னுகோரி’ என்று தொடங்கும் மோகன ராக வர்ணம், பூச்சி ஐயங்கார் என்று அறியப்பட்ட ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காருடையது. வர்ணம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. 1988இல் வந்த திரைப்பாட்டு அந்தத் தொடக்கச் சொல்லையும் அதே மோகனத்தையும் எடுத்துக்கொண்டு, பிறகு முழுக்கத் தன் வழியில் போய்விடுகிறது. இதற்குத் தேவை ‘தொடக்கம்: ஸ்ரீநிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்திலிருந்து’ என்ற குறிப்பு. மற்றதெல்லாம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியவை.

‘மரி மரி நின்னே’ இதற்கு நேர் எதிர். தியாகராஜர் அதைக் காம்போதி ராகத்தில் அமைத்தார். இளையராஜா 1985இல் ‘சிந்துபைரவி’ படத்துக்காக அதைச் சாரமதியில் அமைத்தார். சாகித்யம் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது. இரண்டையும் பிரித்து எழுதாததால், படத்தில் கேட்டதுதான் தியாகராஜர் மெட்டு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லாமே இளையராஜா செய்தது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மூலம் எழுதுவது திரை இசையமைப்பாளரின் உழைப்பையும் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வகை, உருப்படியை அப்படியே எடுத்து வாத்தியக் கோப்பு மட்டும் சேர்ப்பது. நாங்கள் மேலே சொன்ன சங்கடம் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. வாக்கேயக்காரர்கள், அதாவது சொல்லையும் மெட்டையும் தாங்களே அமைத்தவர்கள், தங்கள் பெயரை முத்திரையாகச் சரணத்தில் வைத்தார்கள். படத்துக்கு நான்கு நிமிடம் போதும் என்று பல்லவியையும் அனுபல்லவியையும் வைத்துக்கொண்டு சரணத்தை வெட்டுகிறீர்கள். தியாகராஜரின் பெயர் அந்த வெட்டிலேயே போய்விடுகிறது. பாட்டுக்குள்ளும் பெயர் இல்லை, விவரத்திலும் இல்லை என்றால் கேட்பவருக்கு யார் சொல்வது?

நான்காவதுதான் சட்டப்படியும் சிக்கலானது: பாடல் பழையது, மெட்டு நேற்றையது. தெலுங்கில் கீர்த்தனைகள் இயற்றிய அன்னமய்யாவின் சாகித்யங்கள் செப்பேடுகளில் கிடைத்தன, மெட்டுகள் கிடைக்கவில்லை. இன்று எல்லோரும் பாடும் ரேவதி ராக ‘நானாடி பதுகு’ மெட்டு நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியுடையது; அவர் மறைந்தது 2014இல். ஆண்டாளின் திருப்பாவைக்கு இன்று மேடையில் வழங்கும் மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். அரியக்குடி மறைந்தது 1967. 2027 முடியும் வரை கணக்கு இருக்கிறது. பாபநாசம் சிவன் 1973, 2033 வரை. ‘குறை ஒன்றும் இல்லை’ எழுதிய ராஜாஜி 1972, 2032 வரை. அதற்கு மெட்டமைத்த கடையநல்லூர் வெங்கடராமனின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? மைசூர் வாசுதேவாச்சார் 1961இல் மறைந்ததால் அவருடைய ‘ப்ரோசேவாரெவருரா’ 2022 முதல் பொதுவுடைமை. ‘பழைய பாட்டுதானே’ என்று மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஆண்டுகளையும் எழுதுகிறோம். ஒரு பக்கம், அனுமதி கேட்க வேண்டிய மெட்டுக்குக் கேட்பதில்லை. மறுபக்கம், எல்லோருக்கும் பொதுவான கீர்த்தனைக்கு வேலி போடுகிறீர்கள். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: மூலம் எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி அந்த வேலி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். வெளியிட்ட பாட்டின் ஒலிக்கோப்பை யூடியூப்பிடம் மாதிரியாகக் கொடுத்து வைக்கிறீர்கள். புதிதாக ஏறும் ஒவ்வொரு பதிவையும் இயந்திரம் அதோடு ஒப்பிடுகிறது. உங்கள் ஒலிப்பதிவு உங்களுடையது; அதை யாராவது அப்படியே எடுத்துப் போட்டால் உரிமை கோருவது நியாயம். ஆனால் ஒப்பீடு மெட்டையும் பார்க்கிறது. கீர்த்தனை என்பது சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) வரை பாடாந்தரமாக, அதாவது குருவிடம் பாடம் கேட்ட வழியாக, கட்டுப்பட்டது. அதே ராகம், அதே தாளம், அதே சங்கதி வரிசையில் யார் பாடினாலும் பல்லவி ஒத்துத்தான் போகும். உங்கள் பாடகரும் இந்தப் பாடகரும் ஒரே குருபரம்பரையில் கற்றிருந்தால் இன்னும் ஒத்துப்போகும். சரியாகப் பாடியதற்காகத்தான் அந்தக் கச்சேரி மாட்டிக்கொள்கிறது.

மாட்டிய பிறகு என்ன ஆகிறது? விளம்பர வருமானம் உங்கள் பக்கம் போகும், அல்லது பதிவு சில நாடுகளில் மறைக்கப்படும். மறுப்புத் தெரிவிக்கலாம், ‘பொதுவுடைமை’ என்று ஒரு காரணமும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள். மார்கழி மாதமே அவ்வளவுதான். நீங்கள் நிராகரித்தால் மேல்முறையீடு. அதையும் மறுத்து நீக்கக் கோரிக்கை அனுப்பினால் சேனலுக்கு ஓர் எச்சரிக்கைக் குறி. மூன்று குறி விழுந்தால் சேனலே போய்விடும். அதோடு அந்த சபா ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த கச்சேரிகளும் போய்விடும். வாடகைக் கேமராவும் இரண்டு தன்னார்வலர்களும் வைத்து நேரலை நடத்தும் சிறிய சபாவின் செயலாளர் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்வார்? பயந்து, அந்தக் கீர்த்தனையை வெட்டிவிட்டுப் பதிவேற்றுவார். அடுத்த முறை பாடகரிடமே, “அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமே” என்று சொல்லிவிடுவார். தியாகராஜர் கீர்த்தனையைப் பாட வேண்டாம் என்று ஒரு சபா ஒரு வித்வானிடம் கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இதைச் சகித்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

திருத்துவது கடினமில்லை. உங்கள் கணக்கிலேயே, மாதிரிக் கோப்பில் உங்களுக்கு உரிமையில்லாத பகுதியை ஒப்பீட்டிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாட்டைப் பதியும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பங்குக் குறி உண்டு. கீர்த்தனைக்கு வாத்தியக் கோப்பு செய்தவரை இசையமைத்தவர் என்று பதியாமல் இசைக்கோப்பாளர் என்று பதியலாம். மூலத்தைப் பொதுவுடைமை என்று குறிக்கலாம். விவரம் தொலைவது ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். அங்கே பாடகர் கையில் ஸ்வரம் எழுதிய தாள் இருக்கும். அதன் தலைப்பில் ராகம், தாளம், வாக்கேயக்காரர், மெட்டமைத்தவர், யாருடைய பாடாந்தரம் என்று எழுதி, இறுதி ஒலிக்கோப்போடு அந்தத் தாளையும் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். படம் வெளியாகும் வாரத்தில் அவசரமாகப் படிவம் நிரப்பும் உதவியாளருக்கு அது யாருடைய கீர்த்தனை என்று எப்படித் தெரியும்?

எழுதாமல் விட்டால், அல்லது அரைகுறையாக எழுதினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு கண்முன் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துப் பாட்டு ஒன்றின் விவரத்தில் தாகர்வாணி என்ற இந்துஸ்தானி துருபத் இசை மரபின் பெயர் இருந்தது. தாகர் சகோதரர்களின் பெயர் இல்லை என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி, பெயர்களைச் சேர்க்கவும் 2 கோடி ரூபாய் கட்டி வைக்கவும் இடைக்கால உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு வரியில் யார் பெயர் வர வேண்டும் என்பதைப் பாட்டு வெளியாவதற்கு முன்பே உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்றுதான் சொல்கிறோம்.

சபாக்களுக்கும் இதே வேண்டுகோள் உண்டு. மேடையில் பாடப்படும் ‘சின்னஞ்சிறு கிளியே’ ராகமாலிகை, சி.ஆர். சுப்பராமன் இசையமைத்த ‘மணமகள்’ (1951) வழியாகக் கச்சேரிக்கு வந்தது. பாரதியார் பெயரைச் சொல்லும் மேடை, அந்தப் படத்தையும் சொல்ல வேண்டும். வாங்கியவர் யாராக இருந்தாலும் கொடுத்தவர் பெயர் வர வேண்டும்.

ஆகவே மறுபடியும், பணிவோடு கேட்கிறோம். உங்கள் பட்டியலில் உள்ள கீர்த்தனைகளையும் வர்ணங்களையும் பதங்களையும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலம் எழுதுங்கள். பொதுவுடைமையான பகுதிகளை ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள். அடுத்த மார்கழி நேரலைகள் தொடங்குவதற்குள் இதைச் செய்ய வேண்டும். எந்த உருப்படி யாருடையது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், பாடாந்தரம் தெரிந்த ஆசிரியர்கள் எங்களிடையே இருக்கிறார்கள், கட்டணம் கேட்க மாட்டார்கள். அதுவரை மறுப்புகள் வந்தால் 30 நாள் காத்திருக்க வைக்காமல், பாட்டைத் தெரிந்த ஒருவர் கேட்டுப் பார்த்து உடனே விடுவிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பாடுவோர், கற்பிப்போர், கச்சேரிகளைப் பதிவு செய்வோர் சார்பில்