அந்தப் பெரிய பெட்டியை வாங்காதே

கண்ணம்மா,

புத்தகமெல்லாம் தரையில் கிடக்கிறது, நானே ஒரு அலமாரி செய்யப் போகிறேன் என்று நேற்று சொன்னாயே, போனை வைத்த பிறகும் எனக்குச் சந்தோஷம் அடங்கவில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் கருவிகள் இருக்கும் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். அதை வாங்காதே. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். அதிலிருந்து கையில் எடுத்தது ஏழெட்டுச் சாமான்தான். மற்றதெல்லாம் உள்ளேயே துருப்பிடித்தது. ஸ்க்ரூடிரைவர் முனைகள் பத்து ஸ்க்ரூ முடுக்குவதற்குள் மழுங்கிவிட்டன. அந்தப் பணத்தில் ஒரு டேப், மூலை சரியாகச் செங்கோணமா என்று பார்க்க ஒரு மூலைமட்டம், நல்ல கைரம்பம் ஒன்று, 12 மி.மீ., 24 மி.மீ. உளி ஒவ்வொன்று, உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), பேட்டரி டிரில், இரண்டு கிளாம்ப் வாங்கு. உளி தீட்ட ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று இருக்கும் சாணைக்கல் ஒன்றும் வேண்டும்; எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி இப்போது வேண்டாம். இழைத்த பலகையாகவே வாங்கிக்கொள்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்துப் பார். நேரான விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு போடு. அப்புறம் மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போகக் கோடுகள் விலகினால் வைத்துவிட்டு வேறு எடு. மட்டம் பொய் சொன்னால் அதற்குப் பிறகு நீ அறுப்பதெல்லாம் கோணல்தான்.

இனி உளி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் இடது கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் அதைத் தடவித் தடவிக் கேட்பாய். அது மழுங்கின உளியால் வந்தது. கூரான உளி மெல்லத் தள்ளினாலே மரத்தில் இறங்கும். மழுங்கினது இறங்காது. நாம் இன்னும் பலமாகத் தள்ளுவோம், அது வழுக்கிக்கொண்டு பாயும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் இடது கையால் பிடித்திருந்தேன், அது நேராகக் கையில் ஏறிவிட்டது. அதனால் இரண்டு விஷயம்: உளி எப்போதும் கூராக இருக்கணும், உளி போகிற திசையில் உன் கை இருக்கவே கூடாது.

புது உளி என்றாலும் தீட்டித்தான் ஆகணும். கல்லை நனைத்துக்கொள். முதலில் தட்டையான பின்பக்கத்தை, முனையோரம் ஒரு அங்குலம், கல்லில் படுக்கவைத்துத் தேய். கீறல்களெல்லாம் ஒரே சீராகும்வரை தேய்க்கணும். பிறகு சாய்வான பக்கம். கடையிலிருந்து வரும்போது சாய்வு பெரும்பாலும் 25 டிகிரி இருக்கும். நீ கொஞ்சம் தூக்கிப் பிடித்து 30 டிகிரியில் தீட்டு, முனை சீக்கிரம் உடையாது. பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு பின்பக்கம் விரலைக் குறுக்கே மெதுவாகத் தடவிப் பார். மயிரிழை போல ஒரு பிசிறு தட்டுப்படும். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் 6000 பக்கத்தில் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பலகை அறுபட்ட முனையில் உளியை வைத்துச் சீவு. மரம் நொறுங்காமல் மெல்லிய சீவலாக, வெட்டின இடம் பளபளவென்று வந்தால் உளி தயார். அந்தச் சீவல் வரும்போது கேட்கிற சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அறுப்பதற்கு ஒரே ஒரு பேச்சு: கோட்டின் மேலேயே அறுக்காதே, கழிவுப் பக்கமாக அறு. ரம்பத்துக்கும் ஒரு தடிமன் உண்டு. கோட்டின் மேலே ஓட்டினால் பலகை ஒரு மில்லிமீட்டராவது குறைந்துபோகும். முதல் நாள் அலமாரிப் பலகையைத் தொடவே வேண்டாம். துண்டு மரத்தில் இருபது கோடு போட்டு இருபதையும் அறு.

உன் அலமாரிக்கு 18 மி.மீ. பலகை போதும். ஸ்க்ரூ 4 மி.மீ. கனம், 50 மி.மீ. நீளம். அறுபட்ட முனையில் ஸ்க்ரூ அவ்வளவாகப் பிடிக்காது, அதனால்தான் நீளமாகச் சொல்கிறேன். பசையும் போட்டுக்கொள். நேரடியாக முடுக்கினால் பலகை பிளந்துவிடும், முதலில் 3 மி.மீ. துளை போடு. மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் அசையாது என்றே வைத்துக்கொள். நாலு பலகையிலும் மர ரேகை ஒரே போக்கில் சுற்றி வரும்படி வைத்தால் எல்லாம் சேர்ந்தே அசையும், பலகைகள் சேரும் இடம் விட்டுப்போகாது.

டிரில் ஓடும்போது கையுறை போடாதே, சுழலும் முனை துணியைப் பிடித்து விரலோடு இழுத்துவிடும். முடியைக் கட்டிக்கொள். உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே சொல்லிவிட்டது. கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதே. அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வை. கண்ணம்மா, இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்துவிடு.

பசை போட்டு கிளாம்ப் இறுக்கினதும், காய்வதற்கு முன்னால், மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்துப் பார். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கணும். இல்லையென்றால் அளவு நீளமாக வரும் இரண்டு மூலைகளையும் உள்பக்கமாக மெல்ல அழுத்து, இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த இரண்டு அளவையும் எனக்கு எழுதி அனுப்பு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் முழித்திருப்பேன்.

அம்மா