ஆண்டறிக்கை 2024–25: பழைய தோட்ட டிராக்டர்களும் டில்லர்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பாலக்காடு மாவட்டத்து எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இரண்டாம் போக அறுவடை முடிந்து, வண்டிகள் பட்டறைக்கு வரும் காலத்தில், பழைய டில்லர்களையும் டிராக்டர்களையும் பழுதுபார்க்கும் நம் சங்கத்தின் இந்தப் பொதுக்குழு கூடியிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. அந்தக் கூட்டங்களின் விவரம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. எனவே இந்த அறிக்கையில் பட்டறை வேலையை மட்டும் சொல்கிறேன்.

இவ்வாண்டு கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் மூன்று வண்டிகளை முழுமையாகப் பிரித்துச் சேர்த்தோம். ஒன்று காம்கோ டில்லர், அதாவது பின்னால் நடந்தபடி உழும் கை டிராக்டர். 1973இல் ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தோடு எறணாகுளம் மாவட்டத்து அத்தாணியில் தொடங்கிய நிறுவனத்தின் வண்டி. நம் சித்தூர் தாலுக்காவில் சேறு கலக்கிய டில்லர்களில் பெரும்பகுதி இந்த வகைதான். இரண்டாவது, சீனத்து எஸ்195 எஞ்சின் பூட்டிய டில்லர். மூன்றாவது, தென்னந்தோப்புக்குள் உழுத மிட்சுபிஷி சக்தி எம்டி180டி சிறு டிராக்டர், 18.5 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர்.

மூன்றுமே பழைய இரும்புக்கு விலை பேசப்பட்டவை. காரணம் கேட்டபோது வண்டிக்காரர் மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பார்ட்ஸ் கிடைக்கல." பிரித்துப் பார்த்ததில் உண்மையிலேயே கிடைக்காத பாகம் மிகக் குறைவு. பேரிங்கின் பக்கவாட்டில் 6206 என்று எழுதியிருந்தால் அது எந்த ஊர் வண்டியில் இருந்தாலும் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, கனம் 16 மி.மீ. தான். 6205 என்றால் 25, 52, 15. அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும் அப்படித்தான். அச்சின் விட்டம், குழியின் விட்டம், கனம் என்ற மூன்று எண்ணும் தெரிந்தால் கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கிவிடலாம். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போதுதான் கடைக்காரர் கையை விரிக்கிறார். இதற்காகவே இவ்வாண்டு அளவுப் பதிவேடு தொடங்கினோம். கழற்றும் ஒவ்வொரு பேரிங், சீல், சங்கிலி, பெல்ட், போல்ட்டின் அளவும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்படுகிறது. பாலக்காட்டு லேத் பட்டறைக்காரரும் அதைப் படிக்க முடிய வேண்டும் என்பதால் இரண்டு மொழி. நம் சங்கம் இவ்வாண்டு செய்ததில் இதைத்தான் முதலாவதாக மதிக்கிறேன்.

போல்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் எம்10 போல்ட்டின் மரை இடைவெளி பல இடங்களில் 1.25 மி.மீ. நம் ஹார்டுவேர் கடையில் எம்10 என்று கேட்டால் வருவது 1.5. இரண்டு சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். "துரு பிடிச்சிருக்கு" என்று எண்ணி ஸ்பேனரைப் போட்டால் அலுமினிய மூடியின் மரை மொத்தமாக உரிந்து வந்துவிடும். காம்கோ வண்டியின் பக்க மூடியில் முன்பே இரண்டு துளைகள் இப்படிப் போயிருந்தன. சுருள் மரை செருகிச் சரிசெய்தோம். மரை அளவுகோல் இல்லாமல் யாரும் போல்ட் வாங்கப் போக வேண்டாம்.

இனி சேறு புகுவது. சேற்றில் ஓடும் டில்லரில் முதலில் போவது, உழுகத்திகளைச் சுழற்றும் ரோட்டரி அச்சின் ஆயில் சீல். சீல் போனால் தண்ணீர் உள்ளே போகும், எண்ணெய் மோர் போல வெளுக்கும், அடுத்த போகத்துக்குள் சங்கிலியும் பேரிங்கும் தேயும். வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் எண்ணெய் வடிக்கும் அடித்திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். எண்ணெய்க்கு முன் தண்ணீர்ச் சொட்டு வந்தால் சீல் போய்விட்டது. புதிய சீல் போட்டும் ஒரே வாரத்தில் ஒழுகுகிறது என்று இவ்வாண்டு பலர் வந்து சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்த அச்சில் விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்தாலே விடை கிடைத்தது. பழைய சீலின் உதடு உட்கார்ந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். நகம் அதில் தட்டி நிற்கும். அந்தப் பள்ளத்திலேயே புதிய உதட்டை உட்காரவைத்தால் எந்தக் கம்பெனி சீலும் நிற்காது. குழியில் இடம் இருந்தால் சீலை 2 அல்லது 3 மி.மீ. உள்ளே தள்ளி, தேயாத இடத்தில் உதடு படும்படி அடிக்க வேண்டும். இடமில்லை என்றால் லேத்தில் அச்சைக் கடைந்து மெல்லிய உறை ஏற்ற வேண்டும். அடிக்கும் முன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். அச்சின் சாவித்தடத்தின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இல்லையென்றால் சீல் உள்ளே போகும்போதே உதடு கிழியும்.

உழுகத்திகளை மாற்றும்போது இடது, வலது பார்த்து, பழைய சுருள் வரிசை குலையாமல் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுவதே நல்லது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிக் குவித்தால் வரிசை மாறும். மாறினால் பல கத்திகள் ஒரே சமயம் மண்ணைத் தாக்கும், கைப்பிடி அதிரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எஸ்195 எஞ்சின் இறுகிப்போய் வந்தது. ஏடிஎஃப் எனும் தானியங்கி கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஆறு நாள் விட்டோம். தினமும் பறக்கும் சக்கரத்தை (ஃப்ளைவீல்) இரு பக்கமும் சற்றே அசைத்தோம். ஆறாம் நாள் நகர்ந்தது. பிஸ்டன் மேல் கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்திருந்தால் முதல் நாளே நகர்ந்திருக்கும், பிஸ்டனும் உடைந்திருக்கும். சிலிண்டரின் உள்ளுறையான லைனரில் துருக்குழி ஆழமாக இருந்ததால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் மாற்றினோம். ரிங்கை லைனருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்காமல் பூட்டக்கூடாது. 95 மி.மீ. துளைக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் நீண்டு வாய்கள் முட்டி, புது லைனரைக் கீறிவிடும்.

இந்த எஞ்சினில் ஒரு தவறு நடந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. லைனரின் அடியில் இருக்கும் இரண்டு ரப்பர் வளையங்களும் பார்க்க நன்றாக இருந்ததால் பழையவற்றையே போட்டோம். ஓடிய மூன்றாம் நாள் ஆயில் வெளுத்தது. முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. இப்போது நம் பட்டறையில் வழக்கம் இதுதான்: வளையம் எப்போதும் புதியது, வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், கிரீஸ் கிடையாது, லைனரை இறக்கியதும் ஹெட்டைப் பூட்டும் முன் ஹெட் பக்கம் மேலே இருக்கும்படி எஞ்சினை நிமிர்த்தி, லைனரைச் சுற்றியுள்ள தண்ணீர்ச் சட்டையை நிரப்பி ஓர் இரவு விட்டு, கிராங்க் அறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் ஒரு மணி நேர வேலையோடு போகும்.

சேர்த்து முடித்தபின் வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்லெட் 0.35, எக்ஸாஸ்ட் 0.45 மி.மீ. டீசலைப் பீச்சும் நாசில் சதுர செ.மீ.க்குச் சுமார் 125 கிலோ அழுத்தத்தில் திறக்கும்படி வைத்தோம். நாசிலைச் சோதிக்கும்போது பீச்சும் டீசலுக்கு நேராகக் கை நீட்டக் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி வேலை. டீசல் பம்ப் அடியில் உள்ள தகடுகளைக் கழற்றும்போது எண்ணி வையுங்கள். ஒரு தகடு கூடினால் டீசல் தாமதமாக விழும், புகை கருக்கும். ஒன்று குறைந்தால் முன்பே விழும், எஞ்சின் தட்டும், கிராங்க் திருப்பி அடிக்கும். கிராங்க் கம்பியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு இதைக் கைபிடித்தே காட்டிக்கொடுக்கிறோம்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். அதையே வருடக்கணக்கில் ஊற்றினால் தண்ணீர்ச் சட்டைக்குள் சுண்ணாம்பு படிந்து எஞ்சின் கொதிக்கும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, வெதுவெதுப்பாக நிரப்பி, நுரைப்பு அடங்கும்வரை விட்டு, வாஷிங் சோடா கரைசலால் அலசினோம். மழைக்காலத்தில் கூரை ஓட்டிலிருந்து விழும் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்துவைத்தால் இந்த வேலையே வராது. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றியதால் வார்ப்பு வெடித்த ஒரு வண்டியும் வந்தது. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளையிட்டு, வி வடிவில் அராவி, சூடாக்கி, நிக்கல் ராடால் 25 மி.மீ. 25 மி.மீ. ஆகப் பற்றவைத்து, ஒவ்வொரு துண்டையும் மெல்லத் தட்டி, சுண்ணாம்புத்தூளில் புதைத்து ஆறவிட்டோம். தாங்குகிறது. ஆனாலும் அதைப் புது வார்ப்புக்குச் சமம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

துரு எடுக்க மின்தொட்டி அமைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் டிரம்மில் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வாஷிங் சோடா; 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனை பாகத்துக்கு, நேர்முனை பழைய இரும்புத் தகட்டுக்கு. முனைகளை மாற்றிக் கொடுத்தால் பாகம்தான் கரையும். நேர்முனையில் எவர்சில்வர் தகடு கூடவே கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் கரையும். அலுமினியப் பாகங்களை இதில் போட்டால் அரித்துவிடும். வெளிவரும் வாயு தீப்பற்றும் என்பதால் தொட்டி கொட்டகைக்கு வெளியே இருக்கிறது. அங்கே பீடி பற்றவைப்பது தடை.

பெயின்ட் அடிக்க மார்கழி, தை மாதங்கள் ஆகா. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து புழுதியோடு வீசும். ஈரப் பெயின்டில் மண் ஒட்டும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் ஈரம் ஏறி மேல்பூச்சு வெளுக்கும். பங்குனி விடியற்காலையே நமக்குத் தோதானது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

எம்டி180டி தோப்புக்குள் ஓடவேண்டிய வண்டி. மட்டையில் தட்டும் சைலன்சரைத் தாழ்த்திப் பக்கவாட்டில் கொண்டுவந்தோம். கடலைக்கொடி காய்ந்து கிடக்கும் நிலத்தில் ஓட்டுபவர்கள் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியதில் சக்கரம் வழுக்குவது குறைந்தது. வால்வை உச்சியில் நிறுத்தி நிரப்பினால் அளவு தானே முக்காலில் நிற்கும்.

மாற்றங்களில் நம் சங்கம் ஒப்பாத ஒன்று உண்டு. ரோட்டில் வேகமாகப் போக, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவது. நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு வார்த்த எஞ்சின் அதற்கு மேல் ஓடினால் கனெக்டிங் ராடு போல்ட் அறுந்து, ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். அந்த வேலையோடு வரும் வண்டியில் ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மற்ற வேலையைத் தொடுவோம்.

டிரெய்லர் பூட்டிய டில்லரை ஓட்டும் அனைவரும் கேட்க வேண்டியது: இறக்கத்தில் திருப்புக் கிளட்ச் தலைகீழாக வேலை செய்யும். சமதளத்தில் இடது கிளட்சை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். இடது சக்கரத்தை விடுவித்தால் அதுதான் வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் பாயும். வாய்க்கால் பாலத்து இறக்கங்களில் டில்லர் கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இறங்கும் முன்பே முதல் கியரில் போடுங்கள், கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள், டிரெய்லர் பிரேக் பிடிக்கிறதா என்று சமதளத்திலேயே பாருங்கள்.

ஒரு குறையும் பதிவாக வேண்டும். இவ்வாண்டு வாங்கிய பேரிங் தொகுப்பு ஒன்று போலி. உறையின் அச்சு தெளிவாகவே இருந்தது, ஆனால் பேரிங்கில் எண் தேய்ந்தாற்போல் பொறிக்கப்பட்டிருந்தது, கையால் சுழற்றினால் கரகரத்தது. இனி கணக்குச்சீட்டு இல்லாமல் பேரிங் வாங்குவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்தது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நாசில் சோதிக்கும் கைப்பம்ப் ஒன்று சங்கத்துக்கே சொந்தமாக வேண்டும். அளவுப் பதிவேட்டின் நகல் ஒவ்வொரு பஞ்சாயத்து வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலும் இருக்க அனுமதி வேண்டும். பேரிங் கழற்றும் சங்கத்தின் மூன்று கால் புல்லரும் 0–25 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியும் அறுவடைக்கு முன் இரவல் போனவை இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்