ஹாஸ்டலில் இருக்கும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

முதல் இன்டர்னலில் மார்க் குறைந்ததும் "நான் சோம்பேறி மாமா" என்று நீயே தீர்ப்பு எழுதி அனுப்பிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டாவது வரை உன்னை எழுப்பியது, டெஸ்ட் தேதியை நினைவில் வைத்திருந்தது, போனைப் பிடுங்கி வைத்தது, "போதும், அடுத்த பாடத்தை எடு" என்றது எல்லாம் உங்கம்மா. உளவியலில் இந்த வேலைகளுக்கு எக்ஸிக்யூட்டிவ் ஃபங்க்ஷன் என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயதுவாக்கில் ஆகும். உனக்கு இப்போதுதான் பதினெட்டு. எனவே மன உறுதியை மட்டும் நம்பி இறங்காதே. அம்மா பார்த்த வேலையில் கொஞ்சத்தைப் பேப்பரும் மேசையும் பார்க்கட்டும்.

ரெக்கார்டு நோட்டையே எடுத்துக்கொள். "ரெக்கார்டு முடிக்கணும்" என்று போனில் ரிமைண்டர் வைத்திருக்கிறாய். அது ஒரு வேலை இல்லை, மூட்டை. விட்டுப்போன ரீடிங்கைப் பக்கத்து பெஞ்ச் பையனிடம் வாங்குவது, அப்சர்வேஷனில் சாரிடம் கையெழுத்து, கிராஃப் ஷீட், படம், இன்டெக்ஸ் என்று எல்லாம் அதற்குள் கிடக்கிறது. பிரித்து எழுதினால்தான் பாதி வேலை உன் கையில் இல்லை என்பது தெரியும். சார் லேபில் இருக்கும் நேரம் வேறு, கடை திறந்திருக்கும் நேரம் வேறு. அடுத்தவரை நம்பியிருப்பதைப் பகலில் முடித்துவிடு. படம் ராத்திரி பதினொரு மணிக்கும் வரையலாம், கையெழுத்து அப்போது கிடைக்காது.

அப்புறம், "ரெண்டு மணி நேரத்தில் முடிச்சிடுவேன்" என்ற கணக்கு. இது உனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கனடா மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல்! அதனால் ஒரு எக்ஸ்பெரிமென்ட் எழுத உனக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்து வை. அடுத்த முறை அந்த எண்ணை வைத்துத் திட்டம் போடு, ஆசையை வைத்து அல்ல.

எப்போது, எங்கே என்பதையும் எழுதிவிடு. "மெஸ்ஸில் சாப்பிட்டுக் கை கழுவியதும் ரூமுக்குப் போகாமல் நேரே ரீடிங் ரூம்" என்கிற அளவுக்கு. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளரின் ஆய்வொன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

விடிகாலை நாலு மணிச் சபதமெல்லாம் வேண்டாம். தூக்கம் குறைந்தால் திட்டமிடுவது, கவனத்தைப் பிடித்து வைப்பது போன்ற இந்தத் திறமைகளும் அடிவாங்கும். இவ்வளவும் செய்து பார்த்தும் சில மாதம் ஓடவில்லை என்றால் சொல், ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கலாம். ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளதில்லை. நானும் கூட வருகிறேன்.

முள் வைத்த மேசைக் கடிகாரம் ஒன்று கூரியரில் வரும். போனில் மணி பார்க்கப் போனால் நீ அரை மணி நேரம் திரும்பி வருவதில்லை. செல் உள்ளே இல்லை, வாங்கிப் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா