தவிட்டில் இல்லாத சத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறவை மாடுகளுக்குக் கோதுமைத் தவிட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். தவிட்டின் அருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குறிப்பில் விடுபட்டுப்போன ஒன்று எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது.

ஒரு கிலோ தவிட்டில் 150 முதல் 170 கிராம் வரை புரதம் இருக்கிறது. முழுக் கோதுமையில் அது 110 முதல் 130 கிராம்தான். மாவுச்சத்தை மில்காரர் எடுத்துக்கொண்டு, தோலையும் அதை ஒட்டிய சத்தையும் நம்மிடம் தள்ளிவிடுவதால் நமக்குக் கிடைத்த லாபம் இது. பாஸ்பரஸும் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் உண்டு. குறையெல்லாம் கால்சியத்தில்தான், கிலோவுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலோடு ஏறத்தாழ 12 கிராம் கால்சியம் போய்விடுகிறது என்பதால், 3 கிலோ தவிடு வைத்தாலும் அதில் பாதிக்குக்கூட ஈடாகாது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கிடா. பக்ரீத்துக்கு விற்கலாம் என்று கட்டிப்போட்டு, தவிட்டையே பிரதானமாகக் கொடுத்து வளர்த்தேன். ஒரு நாள் விடியற்காலையில் அது முதுகை வளைத்து முக்கி முக்கி நின்றது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகவே வந்தது. குறியைச் சுற்றியிருந்த மயிரில் மணல்போல உப்பு ஒட்டியிருந்தது. பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்த தீவனத்தால் வந்த கல்லடைப்பு என்றார் கால்நடை மருத்துவர். பெட்டையாடுகளுக்கு மூத்திரக்குழாய் அகலம் என்பதால் இத்தொல்லை அரிதாம்.

முழுக் கோதுமையின் சங்கதி வேறு. ரேஷனில் வாங்கி மீந்த கோதுமையைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. கோதுமையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. ஒரே நேரத்தில் அதிகம் உள்ளே போனால் மாட்டின் பெருவயிற்றில் அமிலம் ஏறி, அசைபோடுவது நின்று, கழிச்சல் கண்டு, மாடு படுத்துவிடும். கொடுப்பதானால் கரகரப்பாக உடைத்து, கைப்பிடியில் தொடங்கி, பல நாட்களில் மெல்லக் கூட்ட வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேழ்வரகுத் தட்டும் கடலைப் புண்ணாக்கும் கிடைக்கின்றன. அவற்றோடு, தவிடு சேர்ந்த அடர்தீவனத்தில் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்புக் கலவையைக் கலந்தால் மேற்சொன்ன கால்சியக் குறை பெரிதும் தீரும். தவிட்டை எவ்வளவு கொடுப்பது, எதனோடு சேர்ப்பது என்ற அளவுகளையும் தங்கள் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடை வளர்ப்போர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.