தரைமாடி ஐயாவுக்கும் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும் (2009இல் எழுதிய மடல்)

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரருக்கும், தூர இருந்து விசாரித்த உறவுகளுக்கும் வணக்கம்.

தம்பி நேற்று இரவு விடியும்வரை அயர்ந்து தூங்கினான். இதை இப்போதே எழுதாவிட்டால் என் நெஞ்சு ஆறாது. போரில் நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. என் தங்கையின் மகனான அவன், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருக்கும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த பிறகு கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், எங்கள் கட்டடத்தின் தரைமாடியில் இருக்கும் ஐயாவுக்கு.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ரயில் பாதை. எங்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழுவதில்லை. தம்பிக்கோ ஒவ்வொரு ரயிலும் குண்டு போட வரும் கிபிர் விமானம்தான். கட்டில் அதிர்ந்ததும் அதன் கீழே போய்விடுவான். காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருப்பான். காதுச் சவ்வு கிழியாமல் இருக்க, பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். "ரயில்தானே ராசா" என்று நாங்கள் எத்தனை தரம் சொல்லியும் அவனுக்குள் இறங்கவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் அவன் சுருண்டிருந்ததை ஐயா கண்டார். தொட்டுத் தூக்கவில்லை, ஏன் எதற்கென்று கேட்கவில்லை. ரயில் போய் முடியும்வரை இரண்டு படி கீழே பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஒரு கொப்பித் தாளோடு வந்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, எந்த ரயில், எத்தனை மணிக்கு, கோட்டைப் பக்கமிருந்தா காலிப் பக்கமிருந்தா, வெள்ளவத்தையில் நிற்குமா நிற்காதா என்று தமிழில் எழுதியிருந்தார். ஐயா சிங்களவர். ரயில்வேயில் கார்டாக இருந்து, 1990இல் யாழ்தேவி ரயில் நின்றுபோகும்வரை காங்கேசன்துறைக்குப் போய்வந்தவர். தமிழ் அங்கே பழகியது. "நேரம் தவறி வந்தால் என்னிடம் வந்து கேள் மகன், நான் பதில் சொல்லவேணும்" என்றார்.

அன்றிலிருந்து தம்பி மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினான். "இனி மாத்தறை ரயில் வரும்" என்று சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கை நடுங்கும், ஆனாலும் நிற்பான். ஒரு மாலை ரயில் பிந்திவிட்டது. வெளியாட்கள் யாருடனும் வாய் திறக்காத பிள்ளை, படியிறங்கி ஓடி ஐயாவிடம் முறைப்பாடு சொன்னான்! ஐயா அதை ஒரு துண்டில் எழுதி, நேரமும் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். இப்போது சீயா, சீயா (சிங்களத்தில் தாத்தா) என்று அவர் வாசலிலேயே நிற்கிறான்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுந்த சத்தங்கள்தான் இந்தப் பிள்ளையை இப்படி உலுக்கிவைத்தன. சொன்ன நேரத்துக்கு வந்து, யாரையும் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும் சத்தமும் உண்டென்று ஐயா அவனுக்குக் காட்டினார். ஐயா, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

படுக்கை நனைவதும், தலையணைக்கடியில் பாண் துண்டு ஒளிப்பதும், செல் (எறிகணை) விழும் விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடுவதும் பிடிவாதம் இல்லை, பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று விளக்கிய வைத்தியருக்கு நன்றி. நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தாதீர்கள், அவனாகச் சொல்ல வரும்போது கேளுங்கள் என்றவரும் அவரே. வகுப்பில் கதவோரம் இருக்கவிட்ட ஆசிரியைக்கும், தங்கைக்குக் கடிதம் கொண்டுபோகும் சிஸ்டருக்கும், உடுப்பும் கொப்பியும் கொண்டுவந்து குவித்த எல்லோருக்கும் நன்றி.

தங்கை இன்னும் அங்கேதான். 2009இல் அந்த முகாமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்திருந்தார்கள். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெரியவர்களின் பெயர்கள் வலயங்களுக்கு. உள்ளே தண்ணீருக்கும் வரிசை, சோற்றுக்கும் வரிசை. பிள்ளையைத் தேற்றவேண்டிய தாய்க்கே ஒதுங்கி அழ இடமில்லை. போர் ஒரு பிள்ளையின் மனத்தோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். வடக்கில் மனநல வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியென்றால் மிச்சத்தை அக்கம்பக்கத்தவர் நாங்கள்தான் பார்க்கவேண்டும். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் களிமண்ணும் வர்ணமும் கதையும் கொண்டு போர் கண்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறார்கள். அந்தளவுக்கு என்னிடம் இடமில்லை, முன்னறை இருக்கிறது.

சனிக்கிழமைகளில் அதைத் திறந்துவைக்கப் போகிறேன். தங்கை வந்த பிறகும் மூடமாட்டேன். முகாமிலிருந்து வந்த பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். வர்ணப் பென்சிலும் களிமண்ணும் இருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டோம். பாதையோரம் குடியிருப்பவர்கள் ரயில் நேரத் தாளின் பிரதியையும் வாங்கிச் செல்லலாம். நேரம் மாறினால் திருத்தித் தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார்.